மூட மறுக்கும் ஆக்சஸ்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஒழுங்காக மூடிக்கொள்ளாத கோளாறு எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஒரு கணினியில், வலது மேல் மூலையில் உள்ள இன்டூ குறியை எத்தனை முறை அழுத்தினாலும் சாளரம் அசையாமல் நிற்கும். இன்னொன்றில் மூடுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, திரையின் அடியில் இருக்கும் டாஸ்க்பாருக்குள் சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். வேறொன்றில் சாளரம் முழுதாக மறைந்துவிடும். ஆனால் அடுத்த முறை அதே கோப்பைத் திறக்கப் போனால், யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதாகச் செய்தி வரும். அந்த 'யாரோ' பல நேரங்களில் அதே கணினிதான். மூடியாகிவிட்டது என்று நினைத்த அதே ஆக்சஸ்தான் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

1992 நவம்பரில் முதல் பதிப்பு வெளிவந்த இந்த மென்பொருள் சிறு அலுவலகங்கள், கடைகள், சங்கங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் கணக்கையும் இருப்பையும் பெயர்ப் பட்டியல்களையும் இன்றும் சுமக்கிறது. அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை, விபிஏ மொழியில் எழுதிய நிரல் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். அந்தக் கோப்பு 2 ஜிபி வரை வளரலாம். ஒரே நேரத்தில் 255 பேர் திறக்கலாம் என்பது ஏட்டில் உள்ள உச்சவரம்பு. நடைமுறையில் அதில் சிறு பங்கு சேர்ந்தாலே வேகம் குறையத் தொடங்கும்.

மூடாமல் நிற்கும் ஆக்சஸைப் பார்த்ததும் பலருக்கு வரும் முதல் பயம், அன்று உள்ளிட்டதெல்லாம் போய்விடுமோ என்பது. வேர்டிலோ எக்செலிலோ அந்தப் பயம் நியாயம். அங்கே செய்த மாற்றம் சேமிக்கும் வரை கணினியின் நினைவகத்தில்தான் இருக்கும். ஆக்சஸ் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு பதிவை முடித்து அடுத்த பதிவுக்கு நகர்ந்த கணத்திலேயே முந்தையது கோப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. காலையிலிருந்து உள்ளிட்ட இருநூறு பில்களில், கடைசியாகத் திரையில் திறந்திருக்கும் ஒன்றைத் தவிர மற்றவை கோப்புக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே ஆக்சஸை மூடுவதன் முக்கிய வேலை சேமிப்பது அன்று, இதுவரை பிடித்து வைத்திருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுப்பது. திருப்பிக் கொடுக்கும் வேலை எங்கே நின்றுபோனது என்று தேடுவதுதான் இந்தக் கோளாறுக்கான மருத்துவம்.

திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், திறந்திருக்கும் படிவத்தில் அரைகுறையாக இருக்கும் பதிவைச் சேமிக்க முயற்சி நடக்கும். அடுத்து ஒவ்வொரு படிவமும் 'அன்லோடு' என்ற நிகழ்வைக் கடக்கும். இங்கே படிவத்தின் நிரல் 'மூடாதே' என்று தடுக்க முடியும். பிறகு நிரல் பிடித்து வைத்திருந்த பொருள்கள் விடுவிக்கப்பட வேண்டும். தொடர்ந்து கோப்புடனும், எஸ்கியூஎல் சர்வர் போன்ற வெளித் தரவுத்தளங்களுடனும் உள்ள இணைப்புகள் அறுபடும். கோப்பைத் திறந்திருப்பவர்களைக் குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பு, கடைசி ஆள் வெளியேறினால் அழியும். மூடும்போது கோப்பைச் சுருக்கும் வசதியை யாராவது இயக்கி வைத்திருந்தால் அதுவும் இந்த இடத்தில் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகே விண்டோஸின் பட்டியலிலிருந்து ஆக்சஸ் நீங்கும்.

டாஸ்க் மேனேஜரில் ஒரு நிமிடம்

கோளாறு இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அறிய வேறு கருவி எதுவும் வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் எம்எஸ்ஆக்சஸ்.எக்ஸ்இ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாளரம் மறைந்த பிறகும் பெயர் இருந்தால், மென்பொருள் இன்னும் எதையோ விடவில்லை. பெயரும் மறைந்து, கோப்பு மட்டும் திறக்க மறுத்தால் சிக்கல் இந்தக் கணினியில் இல்லாமலும் இருக்கலாம். பூட்டுக் கோப்பையும் வலையமைப்பையும் பார்க்க வேண்டும்.

பெயர் இருக்கும்போது அதன் எதிரே உள்ள சிபியு எண்ணைக் கவனிப்பது பாதி நோயறிதல். அது பூஜ்யத்திலேயே நின்றால் ஆக்சஸ் எதற்காகவோ காத்திருக்கிறது: திரையில் மறைந்திருக்கும் ஒரு கேள்விப் பெட்டி, பதில் தராத ஒரு சர்வர், யாரும் விடுவிக்காத ஒரு பொருள். சிபியு இடைவிடாமல் உழைத்தால் நிரல் எங்கோ முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிபியு குறைவாகவும் டிஸ்க் பயன்பாடு அதிகமாகவும் இருந்தால் அது பெரும்பாலும் கோளாறே அல்ல, கோப்பு சுருக்கப்படுகிறது. இந்த மூன்றாவது நிலையில் அவசரப்பட்டு 'எண்ட் டாஸ்க்' அழுத்துவது எல்லாவற்றிலும் மோசமானது. நன்றாக நடந்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் வெட்டிவிட்டு, அதனால் உண்டான சேதத்துக்கு மென்பொருளைக் குறைசொல்வதில்தான் அது முடியும்.

சாளரமே நகராதபோது

சாளரம் நகர மறுத்தால் காரணம் பெரும்பாலும் படிவத்தில் இருக்கும். எளிய காரணம், கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தை நிரப்பாமல் விட்டது. பதிவைச் சேமிக்க முடியாது, இருந்தாலும் மூடவா என்று ஆக்சஸ் கேட்கும். அந்தக் கேள்விப் பெட்டி வேறொரு சாளரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டால், பார்ப்பவருக்குக் கணினி ஹேங் ஆனதுபோல் தோன்றும். ஆல்ட், டேப் விசைகளை அழுத்திப் பார்த்தாலே பல 'ஹேங்'குகள் தீர்ந்துவிடும். பாதி அடித்த பதிவு தேவையில்லை என்றால், எஸ்கேப் விசையை இரண்டு முறை அழுத்தினால் மாற்றம் நீங்கிப் படிவம் மூட இணங்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு குறையும் ஆக்சஸில் நெடுநாளாக உண்டு. இன்டூ குறிக்குப் பதிலாக, படிவத்தில் வைத்த 'மூடு' பொத்தான் டூகமாண்ட் என்ற நிரல் கட்டளை வழியாகப் படிவத்தை மூடும்படி எழுதப்பட்டிருந்தால், சேமிக்க முடியாத பதிவை ஆக்சஸ் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும். மூடுவது வழுக்கிக்கொண்டு நடக்கும்; பதிவு காணாமல் போயிருக்கும். மூட மறுப்பதைவிட இது ஆபத்தானது, ஏனெனில் யாருக்கும் தெரியாது. மூடும் கட்டளைக்கு முன்னால், சேமிக்காத மாற்றம் இருப்பதைக் குறிக்கும் படிவத்தின் 'டர்ட்டி' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் பதிவு முதலில் சேமிக்கப்படும்; முடியாவிட்டால் பிழைச் செய்தியாவது வரும். 'மூடு' பொத்தான் வைக்கும் எவரும் விடக்கூடாத வரி இது.

அடுத்தது, வேண்டுமென்றே பூட்டிய கதவு. பயனர்கள் இன்டூ குறியை அழுத்தித் திடீரென்று வெளியேறுவதைத் தடுக்க, நிரல் எழுதுபவர்கள் ஒரு பழைய உத்தியைக் கையாள்வார்கள். தொடக்கத்திலேயே ஒரு படிவத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் திறந்து வைப்பார்கள். அதன் அன்லோடு நிகழ்வில், 'வெளியேறலாம் என்ற கொடி உயர்ந்திருந்தால் மூடு; இல்லையென்றால் மறு' என்று எழுதியிருப்பார்கள். முறையான 'வெளியேறு' பொத்தான் கொடியை உயர்த்திவிட்டு மூடச் சொல்லும். உத்தி நன்றாகத்தான் வேலை செய்யும், கொடியை எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்து. அது விபிஏவின் பொது மாறியாக இருந்து, இடையில் கையாளப்படாத ஒரு பிழை வந்து, பயனர் பிழைப் பெட்டியில் 'எண்ட்' அழுத்தினால், எல்லாப் பொது மாறிகளும் வெறுமையாகிவிடும். அதன்பின் கொடியை நம்பிய மற்றக் கணக்குகளும் குழம்பி, முறையான பொத்தானும் கதவைத் திறக்காமல் போகலாம். 2007 பதிப்பில் வந்த டெம்ப்வார்ஸ் என்ற மாறித் தொகுப்பு இந்த வேலைக்கு ஏற்றது. கையாளப்படாத பிழை வந்தாலும் அதில் வைத்த மதிப்பு அழியாது.

சிபியு இடைவிடாமல் உழைத்தால் கன்ட்ரோல், பிரேக் விசைகளைச் சேர்த்து அழுத்தலாம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும் வரியிலேயே நின்று, எந்தச் சுழற்சி முடியவில்லை என்பதைக் காட்டிவிடும். குறிப்பிட்ட இடைவெளியில் தானாக ஓடும் டைமர் நிகழ்வுள்ள மறைந்த படிவங்களையும் சந்தேகிக்க வேண்டும். புதிய தகவல் வந்ததா என்று அவை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

யார் பிடித்திருக்கிறார்கள்?

சாளரம் மறைந்த பிறகும் ஆக்சஸ் உள்ளே தங்கிவிடும் வகைதான் நிரலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. அதைப் புரிந்துகொள்ள மைக்ரோசாஃப்டின் 'காம்' என்ற அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். தரவுத்தளம், பதிவுத் தொகுப்பு, படிவம், எக்செல் தாள் என்று நிரல் கையாளும் ஒவ்வொன்றும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தானே வைத்திருக்கும். புதிதாக ஒருவர் பிடித்தால் ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்யமானால்தான் பொருள் நினைவகத்திலிருந்து நீங்கும். ஓரிடத்தில் பிடித்தவர் விட மறந்தால் எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றுவிடும். அந்த ஒன்றுக்காக மொத்த மென்பொருளும் காத்துக் கிடக்கும்.

ஆக்சஸ் 97 இதற்குப் பேர் போனது. இன்டூ குறியை அழுத்தியதும் அது டாஸ்க்பாருக்குள் சுருங்கி, என்ன செய்தாலும் போகாமல் நிற்கும். காரணங்கள் இரண்டு என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. ஒன்று, நிரல் திறந்த பதிவுத் தொகுப்புகளையும் தரவுத்தளப் பொருள்களையும் மூடாமல் விட்டது. விதிப்படி ஒரு செயல்முறை முடியும்போது அதற்குள் அறிவித்த மாறிகளை விபிஏ தானே துடைத்துவிட வேண்டும். பெரும்பாலும் துடைக்கும்; எப்போதும் அல்ல.

மற்றக் காரணம் யாரும் எதிர்பாராத இடத்தில் இருந்தது. படிவத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 'டிக் பெட்டி என்றால் இதைச் செய்' என்று சுருக்கமாகவும் எழுதலாம். 'டிக் பெட்டியின் மதிப்பு உண்மை என்றால் இதைச் செய்' என்று முழுதாகவும் எழுதலாம். இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆனால் சுருக்க வடிவத்தில் ஆக்சஸ் அந்தப் பெட்டியைக் குறிக்க மறைமுகமாக ஒரு பிடியை உருவாக்கி, அதை விடுவிக்க மறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வரிகளில் 'சமம் உண்மை' என்ற சிறு துண்டு ஒரே ஓரிடத்தில் விடுபட்டதற்காக மென்பொருள் மூட மறுத்தது. தரவு சரி, கணக்கு சரி, விடையும் சரி. அதனால்தான் குற்றவாளி யார் கண்ணிலும் படவில்லை. பின்வந்த பதிப்புகள் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டாலும், எல்லா ஒப்பீடுகளையும் முழுதாக எழுதும் வழக்கம் அனுபவசாலிகளிடம் ஒட்டிக்கொண்டது. அது வீண் வழக்கமன்று. படிப்பவருக்கும் முழு வடிவம் தெளிவாகப் புரியும்.

அந்தக் காலத்தில் பிறந்த விதி ஒன்று இன்றும் பொருந்தும்: நிரல் எதைத் திறந்ததோ அதை மூட வேண்டும், எந்த மாறியில் எதைப் பிடித்ததோ அந்த மாறியை 'நத்திங்' ஆக்க வேண்டும். தான் திறக்காததை மூடக்கூடாது என்பதும் இதில் அடங்கும். பிழை வந்து நிரல் பாதியில் வெளியேறினாலும் இந்தத் துப்புரவு நடக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு செயல்முறையிலும் வெளியேறும் வழி ஒன்றாக இருக்கும்படியும், பிழைக் கையாளி அந்த வழியாகவே போகும்படியும் எழுதுவார்கள். பிழை நேராத நாட்களில் ஒழுங்காக மூடி, பிழை நேர்ந்த நாளில் மட்டும் தங்கிவிடும் ஆக்சஸுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒழுங்கு இல்லாத நிரலே இருக்கும்.

ஒரு மென்பொருள் இன்னொன்றை இயக்கும்போது இதே கதை இரட்டிப்பாகிறது. எக்செலிலிருந்து ஆக்சஸை மறைவாகத் தொடங்கி, அறிக்கை எடுத்துவிட்டு, 'க்விட்' கட்டளை தராமல் விட்டால், யாரும் பார்க்காத ஓர் ஆக்சஸ் டாஸ்க் மேனேஜரில் தங்கலாம். நாளுக்கு நான்கு முறை இப்படி நடந்தால் மாலைக்குள் நான்கு எம்எஸ்ஆக்சஸ் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் கோப்பை ஒரு கையால் பிடித்திருக்கும்.

எதிர்த்திசையில், ஆக்சஸ் எக்செலை இயக்கும்போது வரும் கோளாறு இன்னும் நுட்பமானது. தான் திறந்த எக்செலைக் குறிக்கும் மாறியின் பெயரை முன்னால் எழுதாமல், வெறுமனே 'ரேஞ்ச்' என்றோ 'ஆக்டிவ்ஷீட்' என்றோ எழுதினால், நிரல் எக்செலின் மேல் இன்னொரு மறைமுகப் பிடியைப் போட்டுவிடும். அந்தப் பிடிக்கு மாறி கிடையாது. ஆகவே 'நத்திங்' ஆக்க வழியும் கிடையாது. 'க்விட்' கொடுத்தாலும் எக்செல் போகாது. அடையாளம் எளிது: நிரல் முதல் முறை ஒழுங்காக ஓடும், இரண்டாம் முறை 462 என்ற பிழை எண்ணுடன் நின்றுவிடும். தேடவேண்டியது ஒன்றே, முன்னால் உரிமையாளர் பெயர் இல்லாமல் எழுதிய எக்செல் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்தத் தாள், எந்தப் புத்தகம் என்று எழுதிவிட்டால் கோளாறு நின்றுவிடும்.

பூட்டுக் கோப்பு

ஆக்சஸின் இன்றைய ஏசிசிடிபி வகைக் கோப்பைத் திறந்ததும் அதே கோப்புறையில் எல்ஏசிசிடிபி என்று முடியும் ஒரு சிறு கோப்பு முளைக்கும். 2003 வரை வழக்கிலிருந்த எம்டிபி வகையில் அதன் முடிவு எல்டிபி. கோப்பைத் திறந்திருப்பவர்களின் வருகைப் பதிவேடு என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் 64 பைட் இடம்: முதல் 32 பைட்டில் கணினியின் பெயர், அடுத்த 32 பைட்டில் பயனர் பெயர். கடைசி ஆள் வெளியேறும்போது பதிவேடு தானாக அழிய வேண்டும். எல்லாரும் போன பிறகும் அது அங்கேயே கிடந்தால் யாரோ முறையாக வெளியேறவில்லை, அல்லது கடைசியாக வெளியேறியவருக்கு அந்தக் கோப்புறையில் கோப்பை அழிக்கும் உரிமை இல்லை. பின்னது அடிக்கடி மறக்கப்படும் காரணம். சர்வரில் படிக்கவும் எழுதவும் அனுமதி தந்துவிட்டு, அழிக்கும் அனுமதியைப் பாதுகாப்பு கருதிப் பறித்துவிடும் நிர்வாகி, பூட்டுக் கோப்புகள் குவிவதைப் பார்த்துத் திகைப்பார்.

இந்தப் பதிவேட்டை நோட்பேடில் திறந்து பெயர்களைப் படிக்கலாம். ஆனால் பெயர் இருப்பதால் மட்டும் அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று முடிவுகட்டக்கூடாது. ஒருவர் வெளியேறும்போது அவர் பெயர் அழிக்கப்படுவதில்லை. அடுத்து வருபவர் அந்த இடத்தில் தன் பெயரை எழுதும் வரை அது அப்படியே கிடக்கும். உண்மையான பூட்டுகளை வைத்திருப்பது இயங்குதளம். பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் 'அட்மின்' என்றே இருப்பதும் குழப்பும். கணினி நிர்வாகி உள்ளே இருக்கிறார் என்று அதற்குப் பொருளில்லை. தனிப் பயனர் பாதுகாப்பு அமைக்காத எல்லாக் கோப்பிலும் ஆக்சஸ் இயல்பாக வைக்கும் பெயர் அது. ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது கணினியின் பெயர்தான்.

யாராவது உண்மையிலேயே உள்ளே இருக்கிறார்களா என்று அறிய நேரான வழி, பூட்டுக் கோப்பை அழித்துப் பார்ப்பது. விண்டோஸ் அதை அழிய விட்டால் யாரும் பிடித்திருக்கவில்லை. பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்தால் எங்கோ ஓர் ஆக்சஸ் இன்னும் பிடித்திருக்கிறது. கோப்பு சர்வரில் இருந்தால், அங்கே 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' வழியாகத் திறந்துள்ள பகிர்வுக் கோப்புகளின் பட்டியலைப் பார்த்து எந்தக் கணக்கு என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் பட்டியலிலிருந்தே இணைப்பை அறுக்கவும் முடியும். முடியும் என்பதற்காகச் செய்துவிடக்கூடாது. அந்த ஆள் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

எழுதும்போது வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு விடை தரவுத்தளக் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக்சஸின் அடியில் வேலை செய்யும் தரவுத்தள இயந்திரம், ஒவ்வொரு பயனருக்கும் இரண்டு பைட் வீதம் அங்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. பயனர் எழுதத் தொடங்கும்போது அந்த இரண்டும் பூஜ்யமாகும். எழுதி முடித்ததும் மாறிவிடும். ஓர் ஆள் பூஜ்யங்களை விட்டுவிட்டுக் காணாமல் போனால், அடுத்து வருபவரின் ஆக்சஸ் அதைப் பார்த்து, கோப்பு சந்தேகத்துக்குரியது, பழுது பார்க்கவேண்டும் என்று நிறுத்திவிடும். கோப்பு 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு பதிவைச் சேர்த்தால்கூடத் தரவுப் பக்கம் ஒன்றும் குறியீட்டுப் (இன்டெக்ஸ்) பக்கங்கள் சிலவும் மாற வேண்டியிருக்கும். பாதி மாறிய நிலையில் நின்றுவிட்டால் குறியீடு ஒன்று சொல்லும், தரவு வேறொன்று சொல்லும். 'எண்ட் டாஸ்க்' எப்போதும் இந்தச் சேதத்தை உண்டாக்குவதில்லை. சிபியுவும் டிஸ்கும் பூஜ்யத்தில் நிற்கும் ஆக்சஸை வெட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என்றாலும் அது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். வெட்டியபின் கோப்பை நகலெடுத்து, 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வலையமைப்பு அறுவதும் இதே வெட்டுத்தான். வைஃபை வழியாகச் சர்வரில் உள்ள ஆக்சஸ் கோப்பைப் பயன்படுத்துவது, மூடியைச் சாத்தினால் உறங்கிவிடும் மடிக்கணினியில் அதைத் திறந்து வைத்திருப்பது, இரண்டும் வேண்டாத வினை. இணைப்பு ஒரு கணம் போய் வந்தாலும் ஆக்சஸ் அதை மீட்டுக்கொள்ளாது. தரவுத்தளத்தை மூடித் திறக்கும்படி செய்தி சொல்லும். மூடப் போனால், இல்லாத இணைப்பின் வழியாகப் பதிவைச் சேமிக்க முயன்று மறுபடியும் அதே செய்தியைக் காட்டும். 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு பரவியபோது, பகிர்வுக் கோப்புறையில் இருந்த பல தரவுத்தளங்கள் 'முரண்பட்ட நிலையில் உள்ளது' என்று திடீரென்று அறிவிக்கத் தொடங்கின. அங்கே குற்றம் பயனரிடமோ நிரலிடமோ இல்லை. கோப்புப் பகிர்வில் 'லீசிங்' என்ற வசதி ஆக்சஸின் பூட்டு முறையோடு ஒத்துப்போகவில்லை. சர்வரில் அதை அணைத்து வைப்பதே அப்போதைய தற்காலிக மருந்தாக இருந்தது.

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைகளில் பலர் பயன்படுத்தும் ஆக்சஸ் கோப்பை வைப்பதும் ஆகாது. ஒத்திசைவு மென்பொருள் முழுக் கோப்பையும் ஒரே அலகாகக் கருதி ஒத்திசைக்கும். ஆக்சஸோ பக்கம் பக்கமாக எழுதும்.

மூடும்போது சுருக்கும் வசதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அழித்த பதிவுகளின் இடம் தானாகத் திரும்பாததால் ஆக்சஸ் கோப்பு வீங்கிக்கொண்டே போகும்; சுருக்கினால் இளைக்கும். 'காம்பாக்ட் ஆன் க்ளோஸ்' என்ற தெரிவை இயக்கினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் இது தானாக நடக்கும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருக்குவது என்றால் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுவது. பெரிய கோப்பு வலையமைப்பில் இருந்தால் பல நிமிடம் ஆகும். பொறுமையிழந்து யாராவது இடையில் வெட்டினால் கோப்பு பாதியில் நிற்கும். அட்டவணைகளைச் சர்வரிலும், படிவங்களையும் நிரலையும் பயனரின் கணினியிலும் என்று தரவுத்தளத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தெரிவால் பயனும் இல்லை. அது பயனர் பக்கக் கோப்பை மட்டும் சுருக்கும், வீங்குவதோ சர்வரில் உள்ளது. ஆளில்லாத நேரத்தில், பேக்கப் எடுத்தபின், கையால் சுருக்குவதே நல்ல பழக்கம்.

தேடும் ஒழுங்கு

எதைத் தொடும் முன்பும் கோப்பை நகலெடுக்க வேண்டும். சோதனைகள் நகலில்தான் நடக்க வேண்டும். அடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி கோப்பைத் திறப்பது. இப்படிச் செய்தால் தொடக்கப் படிவமும், திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோவும் ஓடாமல் கோப்பு மட்டும் திறக்கும். எழுதியவர் இந்த வழியையே அடைத்து வைத்திருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். திறந்ததும் எதையும் தொடாமல் மூடிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக மூடினால் குற்றம் உள்ளே எழுதிய நிரலில். அப்போதும் மூடவில்லை என்றால், புதிதாக ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கி மூடிப் பார்க்கலாம். அதுவும் மூடாவிட்டால் கோப்பை விட்டுவிட்டு ஆக்சஸையே சந்தேகிக்க வேண்டும்: ஆட்-இன் எனப்படும் துணைநிரல்களை ஒவ்வொன்றாக அணைப்பது, ஆஃபீஸைப் பழுது பார்ப்பது, அண்மையில் வந்த அப்டேட்டைக் கவனிப்பது.

குற்றம் நிரலில் என்று தெரிந்தால் ஷிஃப்ட் விசையோடு திறந்து, ஒரே ஒரு படிவத்தைத் திறந்து மூடி, பிறகு ஆக்சஸை மூடி, டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். அடுத்து இன்னொரு படிவம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் ஐம்பது படிவங்களில் குற்றவாளி எது என்று ஊகித்து நாட்களைக் கழிப்பதைவிட ஒரு மணி நேரத்தில் முடியும் அலுப்பு மேல். படிவம் பிடிபட்டபின் அதன் நிரலில் பாதியைத் தற்காலிகமாக முடக்கிப் பார்க்கலாம். கோளாறு போனால் அது முடக்கிய பாதியில் இருக்கிறது. போகாவிட்டால் மற்றப் பாதியில். பாதியில் பாதி என்று குறைத்துக்கொண்டே போனால் ஆயிரம் வரிகள் பத்து முறையில் ஒரு வரியாகச் சுருங்கும்.

எந்த வரியும் குற்றவாளியாகத் தெரியாமல் கோளாறு மட்டும் வந்து வந்து போனால் வேறொன்று நடந்திருக்கலாம். விபிஏ நிரலின் எழுத்து வடிவத்தோடு, அதை மொழிபெயர்த்த இயங்கு வடிவத்தையும் ஆக்சஸ் கோப்புக்குள் சேர்த்து வைக்கும். பலமுறை திருத்திய கோப்பில் இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் போவதுண்டு. 'டீகம்பைல்' என்ற தொடக்கக் கட்டளையோடு கோப்பைத் திறந்தால் இயங்கு வடிவம் தூக்கியெறியப்படும்; பிறகு சுருக்கி, மீண்டும் மொழிபெயர்க்கலாம். இதை நகலில் மட்டுமே செய்ய வேண்டும். அதற்கும் மசியாத கோப்பை விட்டுவிட்டு, வெற்றுத் தரவுத்தளத்தில் அட்டவணை, படிவம், நிரல் எல்லாவற்றையும் இறக்குமதி செய்துகொள்ளலாம். சிதைந்திருக்கும் ஒரு படிவம் இறக்குமதியாக மறுத்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதும் உண்டு.

திருத்தம் முடிந்தபின் தரவுத்தளத்தை வழக்கமான முறையில் திறந்து, வழக்கமான வேலைகளைச் செய்து, வேண்டுமென்றே ஒரு பிழையையும் வரவழைத்து, பிறகு மூட வேண்டும். சில நொடிகளில் டாஸ்க் மேனேஜரில் எம்எஸ்ஆக்சஸ் என்ற பெயர் மறைந்திருக்க வேண்டும். கோப்புறையில் எல்ஏசிசிடிபி கோப்பு இருக்கக்கூடாது. இதே சோதனையை வேறொரு பயனர் கணக்கிலும் வேறொரு கணினியிலும் செய்து, இரண்டு இடத்திலும் அதே முடிவு வந்தால் வேலை முடிந்தது.